ஒப்பந்த மேலாண்மை மென்பொருள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டப் பிரிவு, கொள்முதல், நிதி, தகவல் தொழில்நுட்பம் ஆகிய நான்கு தரப்பும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். மென்பொருள் வாங்கப் போகிறவர்களுக்கும், வாங்கிய பிறகு அது சரியாக ஓடவில்லையே என்று தவிப்பவர்களுக்கும் உதவும்.

இந்த மென்பொருள் என்னதான் செய்கிறது? ஃபோல்டரில் பிடிஎஃப் போட்டு வைப்பதிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

ஓர் ஒப்பந்தம் ஏழு படிகளைக் கடக்கிறது: கோரிக்கை, வரைவு, பேச்சுவார்த்தை, உள் ஒப்புதல், கையொப்பம், நிறைவேற்றம், கடைசியில் புதுப்பித்தல் அல்லது முடித்தல். ஃபோல்டருக்குத் தெரிவது ஐந்தாவது படியில் பிறந்த கோப்பு மட்டும். மென்பொருள் ஏழு படிகளையும் ஒரே பதிவோடு கட்டி வைக்கிறது. யார் கேட்டார், எந்த வரைவில் எது மாறியது, யார் ஒப்புதல் தந்தார், எந்தத் தேதிக்குள் யார் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பதிவில் இருக்கும்.

முதல் ஐந்து படிகள் சில வாரங்களில் முடிந்துவிடும். ஆறாவது படி மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு என்று நீளும். பணம் கைவிட்டுப் போவது பெரும்பாலும் அங்கேதான்: கேட்காமல் விட்ட தள்ளுபடி, வசூலிக்காத தாமத அபராதம், வேண்டாத சேவை தானாகப் புதுப்பித்துக்கொண்டது. விற்பனையாளரின் டெமோவில் வரைவும் கையொப்பமும் பளிச்சென்று தெரியும். ஆறாவது படிக்கு என்ன இருக்கிறது என்று நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

எக்செல் போதாதா?

நடப்பில் உள்ள ஒப்பந்தங்கள் நூறைத் தாண்டாமல், ஒரே ஆள் அவற்றைப் பார்த்துக்கொள்ளும் வரை போதும். அந்த நிலையில் இருப்பவர்கள் மென்பொருளுக்குச் செலவழிக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

எக்செல் எங்கே உடைகிறது என்பதும் தெரிந்ததுதான். யாரோ ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்துகிறார். ஒரு சப்ளையரின் முடிவுத் தேதி இன்னொருவர் பெயருக்கு நேரே போய் உட்கார்ந்துகொள்கிறது. எக்செல் காட்டும் எச்சரிக்கையை அவர் படிக்காமல் கடந்திருப்பார். "31.12.2026" என்று புள்ளி வைத்து எழுதினால் பல கணினிகளில் அது தேதியாகாமல் வெறும் எழுத்தாக நிற்கும், நினைவூட்டும் சூத்திரம் அதைக் கண்டுகொள்ளாது. 03/04/2026 என்பது ஒரு கணினியில் ஏப்ரல் 3, இன்னொன்றில் மார்ச் 4. தாளின் இரண்டு நகல்கள் சுற்றத் தொடங்கியதும் எது உண்மை என்று சொல்ல ஆளில்லை. இவற்றில் ஏதேனும் இரண்டு உங்களிடம் நடந்திருந்தால் மாற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் எந்தெந்த விவரங்களைப் பதிய வேண்டும்?

தொடக்கத்தில் 14 புலங்கள் போதும்: ஒப்பந்த எண், நம் தரப்பில் கையெழுத்திட்ட நிறுவனத்தின் பெயர், எதிர்த்தரப்பின் சட்டப்பூர்வப் பெயர், வகை, பொறுப்பாளர், நடைமுறைக்கு வரும் தேதி, முடிவுத் தேதி, தானாகப் புதுப்பிக்குமா, ஒப்பந்தத்தை முடிக்கத் தர வேண்டிய முன்னறிவிப்புக் காலம், முன்னறிவிப்புக்கான கடைசித் தேதி, நாணயத்தோடு மொத்த மதிப்பு, பொருந்தும் சட்டம், இது வேறொன்றின் கீழ் வருவதானால் அந்தத் தாய் ஒப்பந்த எண், தற்போதைய நிலை.

முதல் கூட்டத்திலேயே அறுபது புலங்கள் கேட்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். அறுபது புலங்கள் உள்ள படிவத்தில் நாற்பது காலியாகவோ ஊகமாகவோ நிரம்பும், பிறகு மீதி இருபதையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு புலத்தைச் சேர்க்கும் முன் கேட்க வேண்டியது இதுதான்: இந்த விவரத்தை வைத்து யார், எந்த மாதத்தில், எந்த முடிவை எடுப்பார்? பதில் இல்லையென்றால் புலமும் வேண்டாம்.

மூன்று இடங்களில் தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. ஒன்று, கையெழுத்திட்ட தேதியை நடைமுறைக்கு வரும் தேதியாக எழுதுவது. இரண்டுக்கும் இடையே மாதக்கணக்கில் இடைவெளி இருக்கலாம். இரண்டு, முடிவுத் தேதியே இல்லாத ஒப்பந்தத்துக்கு 31-12-9999 போன்ற பொய்த் தேதியைப் போடுவது. அதற்குப் பதிலாக "முடிவுத் தேதி இல்லை" என்று குறிக்கத் தனிப் பெட்டியும், ஆண்டுக்கு ஒரு மறுபரிசீலனைத் தேதியும் வையுங்கள். மூன்று, ஒரே சப்ளையரை மூன்று எழுத்துக்கூட்டலில் பதிவது. நிதிப் பிரிவின் சப்ளையர் குறியீட்டோடு பெயரை இணைத்தால் இது நின்றுவிடும்.

நிதிப் பிரிவு பன்னாட்டுக் கணக்கியல் தரநிலைகளைப் பின்பற்றினால் பதினைந்தாவதாக ஒரு புலமும் கேட்கும்: இதற்குள் குத்தகை ஒளிந்திருக்கிறதா? 2019 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள ஐஎஃப்ஆர்எஸ் 16 தரநிலை, குத்தகைக்கு எடுப்பவர் 12 மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைகளை இருப்புநிலைக் குறிப்பில் காட்டச் சொல்கிறது. மதிப்புக் குறைந்த பொருட்களுக்கு விலக்கு உண்டு. குறிப்பிட்ட கருவியை நம் கட்டுப்பாட்டில் விட்டுவைக்கும் "சேவை" ஒப்பந்தத்துக்குள்ளும் குத்தகை இருக்கக்கூடும்.

நினைவூட்டல் வந்தும் தேதியைத் தவறவிட்டோம். எப்படி?

பெரும்பாலும் நினைவூட்டல் தவறான தேதியை நோக்கி வைக்கப்பட்டிருக்கும். முடிவுத் தேதிக்கு 60 நாள் முன் மின்னஞ்சல் வருகிறது. ஆனால் 90 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்கிறது ஒப்பந்தம். மின்னஞ்சல் வந்த அன்றே கதவு மூடி ஒரு மாதமாகிவிட்டது. எல்லாக் கணக்கையும் முன்னறிவிப்பின் கடைசித் தேதியிலிருந்தே தொடங்குங்கள்.

அந்தத் தேதியைக் கணக்கிடுவதிலும் கவனம் வேண்டும். ஒப்பந்தம் 2027 செப்டம்பர் 30 அன்று முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். "90 நாட்களுக்கு முன்" என்றால் ஜூலை 2. "மூன்று மாதங்களுக்கு முன்" என்றால் ஜூன் 30. இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டு ஜூலை 2 அன்று கடிதம் அனுப்பினால், மூன்று மாதம் என்று எழுதிய ஒப்பந்தம் இன்னொரு காலத்துக்கு நீண்டுவிடும். "குறைந்தது 90 முழு நாட்கள்" என்றிருந்தால் இரு முனை நாட்களும் கணக்கில் சேராமல் போகலாம். அனுப்பிய நாளா, எதிர்த்தரப்பின் கைக்குச் சேர்ந்த நாளா என்பதையும் ஷரத்தில் பாருங்கள். சேர்ந்த நாள் என்றால் அஞ்சலுக்கான நாட்களைக் கழிக்க வேண்டும். மின்னஞ்சல் செல்லாது, பதிவுத் தபாலே வேண்டும் என்று எழுதியிருக்கும் ஒப்பந்தங்களும் நிறைய. எனவே முன்னறிவிப்பு முறையையும் முகவரியையும் அதே பதிவில் குறித்து வைப்பது நல்லது. சட்டம் இடம்விட்டு இடம் மாறுவதால், சந்தேகம் வந்தால் பத்து நாள் முன்பே அனுப்பிவிடுங்கள்.

நினைவூட்டலை முன்னறிவிப்புத் தேதிக்கு 120, 60, 30 நாள் முன் என்று மூன்று முறை வையுங்கள். முதலாவது, இந்தச் சேவை இன்னும் தேவையா என்று கேட்க. இரண்டாவது, புதிய விலை பேச. மூன்றாவது, கடிதம் அனுப்ப. மூன்றிலும் ஒரே வாசகம் வந்தால் மூன்றையும் ஒரே மாதிரி ஒதுக்குவார்கள்.

யாருக்கு அனுப்புவது என்பதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். ஆளின் பெயருக்கு அனுப்பினால், அவர் வேலையை விட்டுப் போன அன்று நினைவூட்டல் முடங்கிய அஞ்சல் பெட்டியில் விழும். பொறுப்பின் பெயருக்கு அனுப்புங்கள். அந்தப் பொறுப்பில் எப்போதும் இருவர் இருக்கட்டும். ஏழு நாளில் "புதுப்பி", "முடி", "பேசு" என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காவிட்டால் மேலாளருக்குத் தானாகப் போக வேண்டும். காரணம் எழுதாமல் தள்ளிவைக்கும் பொத்தான் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

பழைய ஒப்பந்தங்கள் 3,000 இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

அலமாரியிலிருந்து தொடங்காதீர்கள். நிதிப் பிரிவிடம் கடந்த 24 மாதங்களில் பணம் போன எல்லாச் சப்ளையர்களின் பட்டியலையும், பணம் வந்த வாடிக்கையாளர்களின் பட்டியலையும் தொகையின் வரிசையில் வாங்குங்கள். மேலிருந்து கீழாக ஒவ்வொருவருக்கும் ஒப்பந்தம் தேடுங்கள். இப்படித் தேடினால்தான் ஒப்பந்தமே இல்லாமல் பணம் போய்க்கொண்டிருப்பது தெரியவரும். அலமாரியில் இல்லாததை அலமாரி காட்டாது.

அடுத்து மூன்று குவியல்கள். நடப்பில் இருந்து, மதிப்போ ஆபத்தோ அதிகமானவற்றுக்கு எல்லாப் புலங்களையும் கையால் நிரப்புங்கள். நடப்பில் உள்ள சிறியவற்றுக்குத் தரப்பு, தேதிகள், பொறுப்பாளர் மட்டும் போதும். முடிந்துபோனவற்றைக் கோப்பாக மட்டும் ஏற்றுங்கள். ஆனால் ரகசியக் காப்பு, இழப்பீடு, உத்தரவாதம் போன்ற கடமைகள் ஒப்பந்தம் முடிந்த பிறகும் தொடரும். அப்படிப்பட்டவற்றை மூன்றாம் குவியலிலிருந்து பிரித்தெடுத்து அந்தத் தேதியை மட்டும் பதியுங்கள்.

நேரத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். படித்து, புலங்களை நிரப்ப ஒன்றுக்குச் சராசரியாக 20 நிமிடம் என்று வைத்தால் 3,000க்கு 1,000 மணி நேரம். கவனம் சிதறாமல் ஒருவர் நாளுக்கு 6 மணி நேரம்தான் இதைச் செய்ய முடியும். இருவர் என்றால் 83 வேலை நாட்கள், ஏறத்தாழ நான்கு மாதம். குவியல் பிரித்தால் இது பாதிக்கும் கீழே வரும்.

தாள்களை 300 டிபிஐ அடர்த்தியில் ஸ்கேன் செய்யுங்கள். அதற்குக் குறைந்தால், படத்தில் உள்ள எழுத்துகளைத் தேடக்கூடிய உரையாக்கும் எழுத்துணரி எண்களைத் தவறாகப் படிக்கும். 3 என்பது 8 ஆகிவிடும். இணைப்புகளையும் கையெழுத்துப் பக்கத்தையும் முதன்மைக் கோப்போடே சேர்த்து ஒரே கோப்பாக்குங்கள். ஏற்றிய பிறகு பத்தில் ஒன்றை, பதியாத வேறொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். முடிவுத் தேதியில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் பிழை கிடைத்தால் அந்தத் தொகுதி முழுவதையும் மீண்டும் பார்க்க வேண்டும்.

தமிழ் ஒப்பந்தங்களில் தேடினால் ஒன்றும் கிடைப்பதில்லையே?

காரணம் இரண்டில் ஒன்று. ஸ்கேன் செய்த கோப்பென்றால் எழுத்துணரியில் தமிழ் மொழி தேர்ந்தெடுக்கப்படவில்லை. ஆங்கிலம் மட்டும் இருந்தால் தமிழ் வரிகள் குப்பையாகப் பதிவாகும். தமிழும் ஆங்கிலமும் கலந்த ஆவணத்துக்கு இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கணினியில் தட்டச்சிட்ட கோப்பென்றால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கலாம். திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். யூனிகோடுக்கு மாற்றிய உரையைத் தேடலுக்காகத் தனியே இணைத்து, கையெழுத்திட்ட மூலத்தைத் தொடாமல் வைத்திருங்கள். கிரந்த எழுத்துகளும் ஒற்றெழுத்துகளும் மாற்றத்தில் பிசகும். பெயர்களையும் தொகைகளையும் கண்ணால் சரிபார்த்தே தீர வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு படித்துத் தரும் விவரங்களை நம்பலாமா?

முதல் வரைவாக நம்பலாம், பதிவாக நம்பக் கூடாது. தரப்புகளின் பெயர், தேதி, பொருந்தும் சட்டம் போன்று ஒரே இடத்தில் தெளிவாக எழுதியவற்றை நன்றாகவே எடுக்கும். சறுக்கும் இடங்கள் வேறு. "பொறுப்பின் உச்சவரம்பு, இணைப்பு 3இல் உள்ள ஆண்டுக் கட்டணத்தின் இருமடங்கு" என்றிருந்தால் இணைப்பையும் படித்துப் பெருக்க வேண்டும்; அந்த இணைப்பு தனிக் கோப்பாக இருந்தால் கைவிட்டுவிடும், அல்லது எதையோ ஒரு தொகையை எடுத்து நீட்டும். பின்னால் வந்த திருத்தம் முடிவுத் தேதியை மாற்றியிருந்தாலும் மூல ஒப்பந்தத்தின் தேதியையே தரும். பக்கம் தாண்டும் விலைப் பட்டியலில் வரிகள் மாறிப்போகும்.

வாங்கும் முன் உங்கள் 50 ஒப்பந்தங்களைக் கையால் படித்து விடைத்தாள் தயாரியுங்கள். பிறகு கருவியை ஓடவிட்டு, புலம்வாரியாக எண்ணுங்கள். ஒட்டுமொத்தச் சதவீதம் எதையும் சொல்லாது; பெயரில் 50க்கு 50 வாங்கி, முன்னறிவிப்புக் காலத்தில் 30 வாங்கும் கருவியும் கேட்க நன்றாகத்தான் இருக்கும். இன்னும் மூன்றைப் பாருங்கள். ஒவ்வொரு விடைக்கும் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று காட்ட வேண்டும். "ஷரத்து இல்லை" என்பதையும் "கண்டுபிடிக்க முடியவில்லை" என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். உங்கள் ஆவணங்களைச் செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்த மாட்டோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதித் தர வேண்டும். உங்கள் வாடிக்கையாளர்களுடனான ரகசியக் காப்பு ஷரத்துகள் இதற்கு இடம் தருகின்றனவா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

திருத்தங்களை எப்படிச் சேர்ப்பது?

தாய், சேய் உறவாக. முதன்மை ஒப்பந்தம் தாய். பணி ஆணைகள், திருத்தங்கள், விலை இணைப்புகள் எல்லாம் அதன் சேய்கள். தனித்தனிப் பதிவாகப் போட்டால் 2022இல் செத்துப்போன விலையைப் பார்த்து 2026இல் யாராவது பில்லுக்கு ஒப்புதல் தருவார்.

திருத்தம் ஏறும்போது அது தாயின் எந்தப் புலத்தை மாற்றுகிறது என்று பதிபவர் குறித்தாக வேண்டும். அதைக் குறிக்காமல் சேமிக்கவே முடியாதபடி அமையுங்கள். தாய்ப் பதிவின் மேலே தெரியும் தேதியும் மதிப்பும் எப்போதும் இன்றைய நிலையாக இருக்கட்டும். பழைய மதிப்புகள் வரலாற்றில் இருக்கட்டும். முதன்மை ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் பணி ஆணைகளை மாதம் ஒருமுறை அறிக்கையாக எடுங்கள். அவை எந்த விதிகளின் கீழ் ஓடுகின்றன என்று சட்டப் பிரிவுதான் சொல்ல வேண்டும்.

டெம்ப்ளேட்டும் ஷரத்து நூலகமும் அவசியமா?

ஆண்டுக்கு இருபது தடவைக்கு மேல் எழுதும் வகைகளுக்கு அவசியம். பொதுவாக ரகசியக் காப்பு ஒப்பந்தமும் கொள்முதல் ஒப்பந்தமும் இதில் வரும். முக்கியமான ஒவ்வொரு ஷரத்துக்கும் மூன்று வாசகங்கள் வையுங்கள்: நாம் விரும்புவது, ஏற்கக்கூடியது, அதற்குக் கீழே போனால் சட்டத் தலைவர் கையெழுத்து வேண்டியது. நூலகத்துக்கு ஓர் உரிமையாளரும் ஆண்டு மறுபார்வையும் இல்லாவிட்டால், ஆட்கள் போன வருட ஒப்பந்தத்தை நகலெடுத்துப் பெயரை மாற்றும் பழக்கத்துக்கே திரும்பிவிடுவார்கள். பழைய எதிர்த்தரப்பின் பெயர் நடுவில் எங்கோ ஒட்டிக்கொண்டு வருவது அப்படித்தான்.

ஒப்புதல் பாதையை எப்படி அமைப்பது?

மதிப்பையும் விலகலையும் வைத்து. நம் டெம்ப்ளேட்டை ஓர் எழுத்தும் மாற்றாமல், சிறு தொகைக்கு என்றால் துறைத் தலைவர் ஒருவர் போதும். எல்லாவற்றுக்கும் ஆறு பேர் என்று வைத்தால் ஆறு பேரும் படிக்க மாட்டார்கள். முன்னவர் பார்த்திருப்பார் என்று ஒவ்வொருவரும் பொத்தானை அழுத்துவார்கள். நிதி, தகவல் பாதுகாப்பு, சட்டம் ஆகியவற்றை ஒரே நேரத்தில் பார்க்க விடுங்கள். ஒருவருக்குப் பின் ஒருவராக நிறுத்தினால் விடுப்பில் போன ஒருவரால் எல்லாம் நிற்கும். பதிலி ஏற்பாடும் தேதியோடு இருக்க வேண்டும்.

ஒப்புதலுக்குப் பின் வாசகம் மாறினால் ஒப்புதல் தானாக ரத்தாக வேண்டும். இது இல்லாத மென்பொருளை வாங்காதீர்கள். வரம்பைத் தாண்டாமலிருக்க ஒரே வேலையை இரண்டாகப் பிரித்துப் போடுவதும் நடக்கும். ஒரே சப்ளையருக்கு 90 நாளுக்குள் வந்த கோரிக்கைகளைக் கூட்டிப் பார்க்கும் விதி அதைப் பிடிக்கும்.

மின்கையொப்பம் செல்லுமா?

பெரும்பாலான வணிக ஒப்பந்தங்களுக்குப் பெரும்பாலான நாடுகளில் செல்லும். ஐநாவின் பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையம் மின்வணிகத்துக்கு 1996இலும் மின்கையொப்பத்துக்கு 2001இலும் மாதிரிச் சட்டங்களை வெளியிட்டது. அமெரிக்காவில் இதற்கான கூட்டாட்சிச் சட்டம் 2000இல் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஐடாஸ் விதிமுறை 2014இல் இயற்றப்பட்டது. அது சாதாரணம், மேம்பட்டது, தகுதி பெற்றது என்று மூன்று நிலைகளை வகுத்து, மூன்றாவதைக் கையால் இட்ட கையெழுத்துக்குச் சமமாக வைக்கிறது. உயில், நில உரிமை மாற்றம் போன்றவற்றுக்குப் பல நாடுகளில் விலக்கு உண்டு. எந்த வகைக்கு எந்த நிலை என்று ஓர் அட்டவணை போட்டு சட்டப் பிரிவிடம் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் கெடுவது வேறிடத்தில். மின்கையொப்பமிட்ட பிடிஎஃப்பை அச்செடுத்து, மறுபடி ஸ்கேன் செய்து ஏற்றுகிறார்கள். அதோடு கோப்புக்குள் இருந்த சான்றும், கோப்பு மாறவில்லை என்ற நிரூபணமும் போய்விடுகின்றன. மிஞ்சுவது கையொப்பத்தின் படம். இரண்டு பிடிஎஃப்களை ஒன்றாகச் சேர்த்தாலும் இதே கதிதான். வந்த கோப்பை வந்தபடியே, கையொப்பச் சேவை தரும் நிறைவுச் சான்றோடு சேர்த்துச் சேமியுங்கள்.

யார் எதைப் பார்க்கலாம் என்பதை எப்படிக் கட்டுப்படுத்துவது?

ஒப்பந்த வகையும் துறையும் சேர்ந்து அனுமதியைத் தீர்மானிக்கட்டும்; கோப்புக்குக் கோப்பு அனுமதி கொடுத்தால் ஓர் ஆண்டில் யாருக்கும் கணக்குத் தெரியாது. சோதிக்கும்போது கோப்பு திறக்கிறதா என்று மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். அனுமதி இல்லாதவரின் கணக்கில் நுழைந்து தேடிப் பாருங்கள்: தலைப்பும் இரண்டு வரி முன்னோட்டமும் தெரிந்தாலே நிறுவன இணைப்புப் பேச்சு வெளியே வந்துவிடும். நினைவூட்டல் மின்னஞ்சல், அறிக்கை, எக்செல் ஏற்றுமதி ஆகிய மூன்றிலும் அதே சோதனை வேண்டும்.

கணக்கு மென்பொருளோடு இணைக்க வேண்டுமா?

வேண்டும், ஆனால் முதல் நாளே வேண்டாம். முதலில் சப்ளையர் குறியீடு கணக்கு மென்பொருளிலிருந்து இங்கே வரட்டும், ஒரு வழியாக மட்டும். ஆறு மாதம் டேட்டா நிலைத்த பிறகு விலையும் செலுத்தும் கெடுவும் அங்கே போகட்டும். ஒப்பந்தம் 45 நாள் என்க, கணக்கு மென்பொருள் 30 நாளில் பணம் அனுப்பிக்கொண்டிருப்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும்.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன கேட்பது?

அவர்களின் மாதிரிக் கோப்புகளை ஓரமாக வைத்துவிட்டு, உங்களிடம் உள்ள மிக மோசமான பத்தைக் கொடுங்கள்: சாய்ந்த ஸ்கேன், நான்கு திருத்தம் கண்டது, இரு மொழியில் உள்ளது, முடிவுத் தேதி இல்லாதது. அவர்கள் கண்முன்னே அதை ஏற்றட்டும்.

கட்டணம் எந்த அடிப்படையில் என்று கேளுங்கள். கோரிக்கை மட்டும் எழுப்புபவருக்கும் பணம் கேட்டால், செலவை மிச்சம் பிடிக்க ஆட்கள் மின்னஞ்சலிலேயே கோரிக்கை அனுப்புவார்கள். மென்பொருளுக்கு அது தெரியாது.

வெளியேறும் வழியையும் கையெழுத்துக்கு முன்பே பேசுங்கள். எல்லாக் கோப்புகளும், எல்லாப் புலங்களும் எக்செல்லில் திறக்கக்கூடிய சிஎஸ்வி வடிவில், தாய் சேய் உறவோடும் மாற்றப் பதிவேட்டோடும் திரும்பக் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் கோப்பின் பெயர் இருக்க வேண்டும். கோப்புகள் மட்டும் கிடைத்தால் மறுபடி 1,000 மணி நேரம். சோதனைக் காலத்திலேயே ஒருமுறை ஏற்றுமதி செய்து பாருங்கள். இந்த மென்பொருளை வாங்கும் ஒப்பந்தமும் தானாகப் புதுப்பிப்பதாக இருக்கலாம். அதன் முன்னறிவிப்புத் தேதியையே முதல் பதிவாக ஏற்றுங்கள்.

எத்தனை நாளில் பயன்பாட்டுக்கு வரும்?

ஒரு துறை, இரண்டு வகை ஒப்பந்தங்கள், 14 புலங்கள் என்றால் 8 முதல் 12 வாரம். எல்லாத் துறைகளையும் ஒரே நாளில் தொடங்கினால் எந்தக் கணக்கும் நிற்காது.

தொடங்கி ஆறு மாதத்தில் யாரும் பயன்படுத்துவதில்லை. என்ன செய்யலாம்?

முதலில், மென்பொருளைத் தொடாமலே ஒப்பந்தம் போட முடிகிறதா என்று பாருங்கள். முடிகிறதென்றால் அதுதான் காரணம். ஒப்பந்த எண் இல்லாமல் கொள்முதல் ஆணை எழாது என்ற ஒரே விதியை நிதிப் பிரிவு வைத்தால் நிலைமை ஒரு மாதத்தில் மாறும்.

அடுத்து கோரிக்கைப் படிவம். ஐந்து கேள்விக்கு மேல் இருந்தால் குறையுங்கள். மீதியைச் சட்டப் பிரிவு நிரப்பட்டும். பிறகு, பதிவுகளில் தவறு இருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை தேடித் தவறான தேதி கிடைத்தவர் இரண்டாம் முறை தேட மாட்டார், நேராகத் தெரிந்தவரைத் தொலைபேசியில் கூப்பிடுவார். டேட்டாவுக்கென்று பெயர் சொல்லி ஒருவரை நியமியுங்கள். வாரத்துக்கு நான்கு மணி நேரம் இதற்கென்றே அவருக்கு ஒதுக்குங்கள்: பொறுப்பாளர் இல்லாதவை, முடிவுத் தேதி கடந்தும் "நடப்பு" என்று நிற்பவை, கையெழுத்துப் பிரதி ஏறாதவை ஆகிய மூன்று பட்டியல்களையும் ஒவ்வொரு வாரமும் காலி செய்வது அவர் வேலை.

முடிந்த ஒப்பந்தங்களை எப்போது அழிக்கலாம்?

காலக்கெடு நாட்டுக்கு நாடு, வகைக்கு வகை மாறும். ஆனால் கணக்குத் தொடங்க வேண்டியது கையெழுத்திட்ட நாளிலிருந்து அல்ல, ஒப்பந்தம் முடிந்து கடைசிக் கடமையும் தீர்ந்த நாளிலிருந்து. வழக்கோ தணிக்கையோ நடந்துகொண்டிருந்தால் அழிப்பைத் தடுக்கும் பூட்டு மென்பொருளில் இருக்க வேண்டும். தானாக அழிக்க விடாதீர்கள். அழிக்கப்பட வேண்டியவற்றின் பட்டியலை அது தரட்டும், ஒருவர் பார்த்து ஒப்புதல் தரட்டும், எது எப்போது யார் சொல்லி அழிந்தது என்ற வரி பதிவேட்டில் தங்கட்டும்.